நான் காட்டிக்கொடுத்த நீர்நாய்கள்

செண்பகம், உன் கடிதம் கிடைத்தது. அம்மா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். குவார்ட்டர்ஸ் ஓட்டின்மேல் குரங்குகள் ஓடுவதையும், காலையில் வாசல் தெளிக்கப் போனால் எதிரே மிளா மான் நின்று பார்ப்பதையும் நீ எழுதியிருந்தது அவளுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. "சரணாலயம்னு சொன்னாங்க, நான் என்னமோ கோயில் பக்கம்னு நெனச்சேன். காட்டுக்குள்ளல்லா பிள்ளையக் குடுத்திருக்கோம்" என்றாள். மூன்றாம் பக்கத்தில் நீ எழுதியிருந்த ஒரு விஷயத்தை மட்டும் நான் சத்தமாக வாசிக்காமல் தாண்டிவிட்டேன். மாப்பிள்ளையின் மேலதிகாரிகள் குடும்பத்தோடு வந்திருந்தபோது எல்லாரும் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்ததாகவும், தண்ணீரில் கறுப்புத் தலைகள் வரிசையாகப் போனதாகவும், ஒருவர் முதலைக்குட்டி என்றும் இன்னொருவர் உடும்பு என்றும் வாதாடியதாகவும் எழுதியிருந்தாய். "நீர்நாய்னு எனக்குப் பார்த்ததுமே தெரிஞ்சிட்டுப்பா. ஆம்பிளைங்க பேசுற இடத்துல நான் எதுக்கு வாயைத் திறக்கணும்னு இருந்துட்டேன். வீட்டுக்கு வந்துதான் அவங்ககிட்ட சொன்னேன்." அதற்கு அடுத்த வரியில், தலைப்பொங்கலுக்கு வரும்போது நம் சிற்றாற்று நீர்நாய்களை மாப்பிள்ளைக்குக் காட்ட வேண்டும், நான்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டிருந்தாய்.

அந்த இடத்தில் இப்போது நீர்நாய் இல்லை, செண்பகம். நீ கடைசியாகப் பார்த்த அந்த வருஷத்திலிருந்தே இல்லை. அவை போனதற்கும் நான்தான் காரணம், பாலத்தில் நீ வாயை மூடிக்கொண்டு நின்றதற்கும் நான்தான் காரணம். நீங்கள் இரண்டு பேரும் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபிறகு, மாப்பிள்ளை முகத்தையும் வைத்துக்கொண்டு, இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வராது. வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அதனால்தான் நீ வருமுன்னே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எல்லாம் அந்த பைனாகுலரில்தான் ஆரம்பித்தது. குற்றாலத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பங்களாவைக் காலி பண்ணிக்கொண்டு சீமைக்குக் கிளம்பிய சமயம். அவர்கள் வீட்டு ஜன்னல் திரைத் துணியெல்லாம் எங்கள் ஜவுளிக்கடையில்தான் எடுப்பார்கள். ஏதோ பாக்கித் துணியைக் கொண்டுபோய்க் கொடுக்க முதலாளி என்னை அனுப்பினார். சாமான்கள் முற்றத்தில் பரத்திக் கிடந்தன. நான் அந்தப் பைனாகுலரின் தோல் உறையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அந்த அம்மாள் அதை எடுத்து என் கையில் வைத்து, மரத்தைக் காட்டி, பார் என்று ஜாடை காட்டினாள். பார்த்தேன். ஒரு மலையணில் பலாப்பழத்துக்குப் பக்கத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சுளையைத் தின்றுகொண்டிருந்தது. அதன் மீசை எனக்குத் தெரிந்தது, செண்பகம். பகல் முழுக்க அடுக்கிலிருந்து சேலையை இறக்கி, விரித்து, மடித்து, மறுபடியும் அடுக்கில் ஏற்றுகிறவன் நான். அப்படி ஒன்றை அதற்குமுன் பார்த்ததில்லை. கண்ணாடியை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போய்விட்டாள். உனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். உன் கழுத்தில் மாட்டினால் இடுப்புக்குக் கீழே தொங்கும்.

கடை விடுமுறை நாளெல்லாம் நமக்குக் காடும் ஆறும்தான். ஆனியில் சாரல் பிடித்ததும் ஊரெல்லாம் அருவியில் குளிக்க வரும். நாம் கூட்டத்தை விட்டு விலகி செண்பகாதேவிப் பாதையில் ஏறுவோம். அது ரிசர்வ் காடு, உள்ளே விடமாட்டார்கள். ஆனால் அங்கிருந்த பாரஸ்ட் கார்டு உன் கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் பார்த்துச் சிரித்து, "அந்தப் பாறை மட்டும் போயிட்டு வந்துருங்க" என்று விடுவார். இருவாட்சி தலைக்குமேல் பறந்தால் ரயில் இஞ்சின் மூச்சு விடுகிற மாதிரிச் சத்தம் கேட்கும். நீ காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். கருமந்திகள் மரத்துக்கு மரம் தாவும்போது நமக்குமேல் மழைத்தண்ணீர் கொட்டும். ஆவணியில் மஞ்சள் பட்டாம்பூச்சிகள் ஈரமண்ணில் அப்பிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளங்கள் பெருகியபிறகு கீழப்பாவூர்ப் பக்கம் சைக்கிளை விடுவேன். கூழைக்கடா, அரிவாள்மூக்கன், பெயர் தெரியாத வாத்துகள் எல்லாம் வந்து இறங்கியிருக்கும். பெயர் தெரியாததற்கெல்லாம் நீ பெயர் வைப்பாய். ஒரு வாத்துக்கு நம் தெரு தபால்காரர் பெயரை வைத்தாய். நடை அப்படியே இருந்தது. வழியில் யாரைக் கண்டாலும் நிறுத்தி, என்ன பார்த்தோம் என்று சொல்லுவாய். "உம் மக வாய்க்குப் பூட்டே கெடையாதா, அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

நீர்நாய்களை நாம் கண்டது ஒரு கார்த்திகைக் கடைசியில். தென்காசிக்குக் கிழக்கே சிற்றாற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். பெயர் எழுதவில்லை, உனக்குத் தெரியும். ஊர்ப் படித்துறைக்கு எதிர்க்கரையில் நாணலுக்குள் நாம் உட்கார்ந்து மீன்கொத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். படித்துறையை ஒட்டிக் கொஞ்சம் கீழே, பெரிய மருதமரத்தின் வேர்கள் ஆற்றுக்குள் இறங்கியிருக்கும் இடத்தில், விசில் அடித்த மாதிரி ஒரு சத்தம். முதலில் கேட்டது நீதான். வேருக்கடியிலிருந்து தாய் நீர்நாய் தலையை நீட்டி நாலு பக்கமும் பார்த்தது. பிறகு குட்டிகள் வந்தன. தண்ணீருக்குள் இறங்க மாட்டேன் என்று அவை திரும்பி ஓட, தாய் ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கவ்விக்கொண்டுபோய் ஆற்றில் போட்டது. "அம்மா எனக்கு எண்ணெய் தேய்ச்சுவிடுத மாதிரியே இருக்குப்பா" என்று நீ என் காதில் சொன்னாய். அன்றைக்கு நாம் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். இந்த இடத்தை யாருக்கும் சொல்லக் கூடாது, அம்மாவுக்குக்கூட. நீ என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாய். அதன்பிறகு விடுமுறை நாளெல்லாம் அங்கேதான் போனோம். மேலே தாழம்புதருக்குப் பின்னால் அவற்றுக்கு இன்னொரு வாசல் இருப்பதையும், இருட்டியதும் கரையேறிப் பக்கத்துக் குளத்துக்குப் போய் மீன் தின்றுவிட்டு விடியுமுன் திரும்புவதையும் பாறைமேல் கிடந்த செதில்களையும் கால்தடங்களையும் வைத்து நாமே கண்டுபிடித்தோம்.

அந்தக் கடைசி நாள் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கண்ணாடியை வைத்துக்கொண்டு மருதமர வேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பத்துப் பதினைந்து அடி தூரத்தில்தான் பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கிறவர்களுக்கு நான் அப்படி உட்கார்ந்திருப்பது எப்படித் தெரியும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கியது. ஆண்கள் ஏழெட்டுப் பேர். பிடித்திருந்தவர் அந்த ஊர்க் குளத்து மீனைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர், வாட்டசாட்டமான ஆள்.

"ஏல, எத்தன நாளா நடக்கு இது? பொம்பளைக குளிக்கித துறைக்கு நேரா கண்ணாடிய வச்சிட்டு உக்காந்திருக்கான் பாரு. யாரும் சந்தேகப்படக் கூடாதுன்னு கூட ஒரு பிள்ளையக் கூட்டிட்டு வந்திருக்கான்."

தண்ணீர் முழங்காலளவுதான் இருந்தது. என்னை அப்படியே இழுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனார்கள். நீ பாவாடையைத் தூக்கிக்கொண்டு அழுதபடி பின்னால் வந்தாய். பெண்கள் ஈரச்சேலையைச் சுற்றிக்கொண்டு படியில் நின்றார்கள். அதில் ஒருத்தி என்னை உற்றுப் பார்த்தாள்.

"ஏ, இவரு தென்காசி ஜவுளிக்கடையில சேலை எடுத்துப் போடுத ஆளுல்லா? எங்க அக்கா கல்யாணத்துக்கு இவருதான காட்டுனாரு!"

சுற்றுவட்டாரத்துப் பெண்கள் அத்தனை பேரும் என் முன்னால் உட்கார்ந்துதான் சேலை பார்க்கிறார்கள். இந்தச் சொல் கடைக்குப் போனால் அன்றே வேலை போகும். ஊரில் உன் அம்மா தெருக்குழாய்க்குப் போக முடியாது. ஏதாவது சொல்ல வேண்டும். அப்போதுதான் நீ அழுகையை நிறுத்திவிட்டு, அந்தக் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்று கத்தினாய்.

"எங்கப்பா ஒண்ணும் ஒங்களப் பாக்கல! நீர்நாயப் பாக்காங்க! குட்டி போட்டுருக்கு!"

யாரோ சிரித்தார்கள். "ஆத்துல நாயாம்ல!" குத்தகைக்காரர் சிரிக்கவில்லை. காலரைப் பிடித்திருந்த கை மட்டும் கொஞ்சம் தளர்ந்தது. உன் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "நீர்நாயா? எங்கன பாத்த, தாயி?"

செண்பகம், அந்த நிமிஷத்தை நான் மறக்கவில்லை. நீ அவரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாய். ஒப்பந்தம் உனக்கு ஞாபகம் வந்துவிட்டது. உன் அப்பாவை ஒருவன் சட்டையைப் பிடித்து உலுக்கும்போதும் ஒன்பது வயதுப் பிள்ளை நீ இடத்தைச் சொல்லவில்லை. சொன்னது நான். கையை நீட்டி மருதமரத்தைக் காட்டினேன்.

அதோடு நின்றிருந்தால்கூட, பயத்தில் செய்தது என்று என்னை நானே மன்னித்திருப்பேன். எல்லாரையும் பாறைக்குப் பின்னால் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தாய் வெளியே வந்தது, குட்டிகள் வந்தன. கண்ணாடி கைக்குக் கை மாறியது. என்னை அடையாளம் கண்ட அந்தப் பெண் பார்த்துவிட்டு, "ஏட்டி, முகத்தப் பாரேன், நம்ம வீட்டுப் பூனை மாதிரியே இருக்கு" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். "தப்பா நெனச்சிட்டோம், மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்றார்கள். குத்தகைக்காரர் நம்மை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் இட்லி போட்டார். உனக்குக் கருப்பட்டி கொடுத்தார். கொஞ்ச நேரத்துக்குமுன் என்னை "ஏல" என்றவர் இப்போது பாயை விரித்து உட்காரச் சொல்லுகிறார். எனக்கு மனசெல்லாம் குளிர்ந்துவிட்டது. அவர் கேட்கக் கேட்க நான் பேசினேன். எத்தனை குட்டி, எந்நேரம் வளைக்குள் இருக்கும், தாழம்புதருக்குப் பின்னால் இருக்கிற வாசல், குளத்துக்குப் போகிற தடம், எல்லாவற்றையும். "கொளத்துல மீனு கொறயுதுன்னு நானும் ஆளு மேல ஆளா சந்தேகப்பட்டேன்" என்று அவர் சொன்னபோதே, எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியபிறகும் பேசினேன். அவர் என்னை மதித்துக் கேட்கிறார், என்னைப் போல விஷயம் தெரிந்த ஆள் இல்லை என்கிறார் என்ற சந்தோஷம். கையைக் காட்டியது பயத்தில். மற்றதெல்லாம் நல்ல பெயர் வாங்குகிற ஆசையில். நீ கருப்பட்டியைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தாய்.

பொங்கலுக்குத் துணி எடுக்க அவர் குடும்பத்தோடு நம் கடைக்கு வந்தார். "எங்க நம்ம நீர்நாய் அண்ணாச்சி?" என்று வாசலிலேயே சத்தம். கடை நிறைய ஆட்கள். மடியிலிருந்து ஒரு பையை எடுத்து என் முன்னால் வைத்தார். பழுப்பு நிறத்தில், மழமழவென்று, நீர்நாய்த் தோலில் தைத்தது. "நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு வாசலையும் அடைச்சுப் புகையப் போட்டோம். ஒண்ணுகூடத் தப்பல. இந்தாங்க, வெத்தல பாக்கு வச்சிக்கிட வசதியா இருக்கும்." முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன், செண்பகம். "சந்தோசம் அண்ணாச்சி" என்று சொல்லி அந்தப் பையை வாங்கிக்கொண்டேன். அவர் பெண்டாட்டிக்கு இருக்கிறதிலேயே நல்ல சேலையாகத் தேடி எடுத்து விரித்துப் போட்டேன். சாயங்காலம் திரும்பும்போது அந்தப் பையை வழியில் ஒரு கிணற்றில் போட்டுவிட்டேன். அடுத்த விடுமுறை நாளில் தனியாகப் போய்ப் பார்த்தேன். மருதமரத்தடியைக் கடப்பாரையால் தோண்டியிருந்தார்கள். வேரெல்லாம் கரிந்திருந்தது. துறையில் பெண்கள் வழக்கம்போலத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருத்தி சிநேகமாகச் சிரித்தாள்.

இதை உன்னிடம் நான் சொல்லவில்லை. நீ ஒவ்வொரு விடுமுறைக்கும் கேட்டாய், "ஆத்துக்குப் போலாமாப்பா? குட்டி வளந்திருக்கும்." வேலை இருக்கிறது, சைக்கிள் பஞ்சர், இடுப்பு வலி என்று ஏதேதோ சொன்னேன். ஒருநாள் நீ விடாமல் நச்சரித்தபோது, "சும்மா இருட்டி! பொட்டப்பிள்ளைக்கு ஆத்தங்கரையில என்ன சோலி?" என்று கத்திவிட்டேன். அதுவரை நான் உன்னை அப்படிப் பேசியதே இல்லை. நீ அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாய்: "அன்னைக்கு நான் எல்லார் முன்னாலயும் பேசுனதுனாலயாப்பா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்து, பின்னே எதனால் என்று கேட்பாய். அதனால் பேசாமல் இருந்துவிட்டேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனேன். நீ அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாய். நீ அப்படி எடுத்துக்கொண்டது எனக்குத் தெரியும், எனக்கு அது சௌகரியமாகவும் இருந்தது. அதன்பிறகு நீ தெருவில் யாரையும் நிறுத்திப் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தும் எழுந்து சொல்லமாட்டேன் என்கிறாள் என்று உன் டீச்சர் சொன்னார். பிள்ளை வளர்ந்துவிட்டது, அடக்கம் வந்துவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டாள். உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் பெரியம்மா, "வாய் தெறக்காத பிள்ளையா வளத்திருக்கீங்க, இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா!" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்கள். எல்லாரும் என் வளர்ப்பை மெச்சினார்கள். காபி டம்ளரை வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். படித்துறையில் சட்டைக் காலரைப் பிடித்தபோதுகூட எனக்கு அவ்வளவு கேவலமாக இல்லை. அங்கே நான் செய்யாததற்கு மாட்டிக்கொண்டேன். இங்கே நான் செய்ததற்குப் பாராட்டு வாங்கினேன்.

உன் கடிதத்தை வாசித்தபிறகு, போன வாரம் அந்த ஊருக்குப் போய்வந்தேன். பத்துப் பதினோரு வருஷத்துக்குப் பிறகு. எங்கிருந்தாவது புதிதாக வந்து சேர்ந்திருக்கும், உங்களுக்குக் காட்டிவிடலாம், இதையெல்லாம் எழுத வேண்டியிருக்காது என்று ஒரு நப்பாசை. கரை நெடுகப் பார்த்தேன். செதில் இல்லை, தடம் இல்லை. ஒரு மீன்கொத்தி மட்டும் இருந்தது. குத்தகைக்காரர் காலமாகிவிட்டாராம். அவர் மகன் என்னை அடையாளம் தெரியாமல், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டான். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ எழுதியிருந்த பாலத்து விஷயத்தையும் வாசித்துக் காட்டினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "நீர்நாய் போனது போகட்டும். எம் பிள்ள வாயையுமா சேத்துப் பொகை போட்டீங்க?" அன்றிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள், பேச்சு மட்டும் அளவோடுதான்.

அப்பன் மகளுக்குப் புத்தி சொல்லி எழுதுவதுதான் வழக்கம். சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். நீ இருக்கும் இடத்தில் கூடும் குட்டியும் நிறையக் கண்ணில் படும். பார்க்க வருகிற பெரிய மனிதர்கள் உன்னைப் புகழ்ந்து புகழ்ந்து இடம் கேட்பார்கள். அப்போது உதட்டை மடித்துக் கடித்துக்கொள். உனக்கு அது ஒன்பது வயதிலேயே தெரியும். ஆனால் நீர்நாயை ஒருவர் முதலை என்றால், அவர் யாராக இருந்தாலும், அது நீர்நாய் என்று அந்த இடத்திலேயே சொல். மாப்பிள்ளை நல்ல மாதிரி. வீட்டுக்கு வந்து நீ சொன்னதைக் கேட்டு அவர் சந்தோஷப்பட்டார் என்று நீயே எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதத்தை அவருக்கும் வாசித்துக் காட்டு. மாமனாரைப் பற்றி அவர் என்ன நினைத்தாலும் எனக்குச் சம்மதம்.

அன்று நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். நீ பேசியதனால் இல்லை, செண்பகம். அந்தக் கூட்டத்தில் சரியாகப் பேசியது நீ ஒருத்திதான்.

பொங்கலுக்கு இரண்டு பேரும் கண்டிப்பாக வர வேண்டும். பொங்கல்படிச் சீருக்குப் பாத்திரமெல்லாம் வாங்கி விளக்கி வைத்துவிட்டாள் அம்மா. வந்ததும் உன் மனசில் இருப்பதை என்னிடம் கேட்டுவிடு. மாப்பிள்ளை இருக்கிறாரே, பக்கத்து வீட்டில் கேட்குமே என்று பார்க்காதே. வாசலில் நின்றே கேள், சத்தமாகவே கேள். நான் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போகமாட்டேன்.

உன் அப்பா